நண்டு வளையா, உடைப்பா? ஏமாற்றிய சைக்கோ த்ரில்லரைப் பிரித்துப் பார்க்கும் வழி

கும்பகோணத்தில் இரவுக் காட்சி முடிந்து வெளியே வந்தால் டீக்கடையில் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான்: "லாஜிக்கே இல்லப்பா." எங்கே இல்லை என்று கேட்டுப் பாருங்கள். "மொத்தமாவே இல்ல" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. டீ ஆறும், ஆளாளுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். எங்கள் சித்தப்பாவுக்குத் திருவிடைமருதூர் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. சினிமாவே அதிகம் பார்க்காதவர். ஒரு நாள் என்னோடு வந்து ஒரு த்ரில்லரைப் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, சித்திரை மாசத்துல அரசலாத்துல கரை தொட்டுத் தண்ணி போவுதே, அதை யாரு தொறந்து விட்டா?" அரசலாறு எங்கள் பக்கத்துக் காவிரிக் கிளை, சித்திரையில் வறண்டு கிடக்கும். எனக்குச் சுருக்கென்றது. படம் பிடிக்காமல் போனதற்கு நான் அதுவரை இருபது காரணம் சொல்லியிருந்தேன். அதில் ஒன்றுகூட இந்த மாதிரி பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாக இல்லை.

ஒரு படம் ஏன் ஏமாற்றியது என்று எழுதவோ நண்பர்களிடம் விளக்கிச் சொல்லவோ ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கை சேற்றில் அடைபடும் நண்டு வளை எது, கரையையே கொண்டுபோகும் உடைப்பு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. உதாரணத்துக்கு இப்போதைய படம் எதன் பெயரையும் இழுக்கப்போவதில்லை. நான் பார்த்த நாலைந்து படங்களின் தவறுகளைச் சேர்த்து ஒரு கதையை நானே கட்டிக்கொள்கிறேன். கதை இதுதான்: முப்பது வயது நாயகன் மனைவியோடு கும்பகோணம் பக்கத்தில் உள்ள பூர்வீக வீட்டுக்கு வருகிறான். அண்ணனும் அங்கே இருக்கிறார். ஊரில் வரிசையாகக் கொலை விழுகிறது. கடைசியில், அண்ணன் என்று ஒருவரே இல்லை, அவர் சின்ன வயதிலேயே மகாமகக் கூட்ட நெரிசலில் இறந்துபோனவர், கொலை செய்ததெல்லாம் நாயகனே என்று தெரிகிறது. இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும்.

முதல் முறை பார்க்கும்போது

ஒன்றும் குறிப்பெடுக்காதீர்கள். இருட்டில் செல்போனைத் திறந்து தட்டிக்கொண்டிருப்பவன் படத்தையும் பார்ப்பதில்லை, பக்கத்து சீட்டுக்காரரையும் பார்க்க விடுவதில்லை. மனம் எங்கே இடறியதோ அந்த இடங்களை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். "இவன் ஏன் இதைச் செய்றான்?" என்று ஒரு கணம் தோன்றுமே, அந்த இடம். பெரும்பாலும் மூன்று நான்குக்கு மேல் இருக்காது. காரணத்தை அப்போதே தேட வேண்டாம். வயல் வரப்பில் தண்ணீர் கசிகிற இடம் ஒன்றாக இருக்கும், நண்டு வளையின் வாய் நாலடி தள்ளி இருக்கும். க்ளைமாக்ஸில் வந்த எரிச்சலுக்கு வேர் இடைவேளைக்கு முன்னால் கிடக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கத்தை எடுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. அதிகமாகப் பலன் தருவதும் இதுதான். படம் காட்டிய வரிசையை மறந்துவிட்டு, கதையை நடந்த வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதலில் நாயகன் பிறந்தான், பிறகு அண்ணன் இறந்தார், பிறகு கல்யாணம், பிறகு வீடு என்று. மனோதத்துவ த்ரில்லர்கள் காலத்தைக் கலைத்துப் போட்டுத்தான் பாதி பயத்தை உண்டாக்குகின்றன. கலைத்த சீட்டை அடுக்கினாலே சில சீட்டு குறைவது தெரிந்துவிடும்.

நம் மாதிரிக் கதையை அடுக்கிப் பார்ப்போம். வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் 2024 என்கிறது. நாயகனுக்கு முப்பது. அப்படியானால் 1994 வாக்கில் பிறந்தவன். அண்ணன் இறந்தபோது தனக்கு ஐந்து வயது என்று மனைவியிடம் சொல்கிறான். அது 1999 ஆகிறது. மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 1992, 2004, 2016. இடையில் 1999 எங்கிருந்து வந்தது? ஊரே இன்னும் மறக்காத அந்த நெரிசல் நடந்தது 1992 பிப்ரவரி 18-இல். அப்போது நம் நாயகன் பிறக்கவே இல்லை. எழுதியவருக்கு மகாமகம், நெரிசல், மரணம் என்ற மூன்று வார்த்தை மட்டும் கிடைத்திருக்கிறது, விரல் விட்டு எண்ண நேரம் கிடைக்கவில்லை. இந்த ஒரு வருஷக் கணக்கில் படத்தின் மொத்த துக்கமும் சரிந்துவிடுகிறது. நாயகனின் நோய்க்குக் காரணமே அந்த மரணம்தானே.

அடுத்து சித்தப்பாவின் தண்ணீர். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். அதற்கப்புறம்தான் ஷட்டர் ஷட்டராகத் தாண்டிக் கிளை ஆறுகளுக்கு வரும். சித்திரையில் அரசலாற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே பிணத்தைத் தள்ளிவிட்டு அது மிதந்து போவதாகக் காட்டினால், டெல்டாவில் எந்தத் தியேட்டரிலும் சிரிப்புதான் வரும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேறொரு கதை, 2022-ஆம் வருடம், மே மாதக் கடைசி. ஆற்றில் புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது. "மே மாசத்தில் தண்ணியா, காதில் பூச்சுத்துறாங்க" என்று நான் எகிறினேன். ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்று மதகைத் திறந்து மூடியே முப்பது வருடம் கழித்தவர். "தம்பி, அந்த வருஷம் மே 24-லயே மேட்டூரைத் தொறந்தாச்சு" என்றார். உண்மைதான். அந்த வருடம் வழக்கத்துக்கு முன்னாலேயே திறந்தார்கள். ஆகவே "வழக்கமாக இப்படி நடக்காது" என்பதை வைத்து ஓட்டை என்று எழுதக் கூடாது. கதை நடக்கும் அந்த வருடத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்கவேண்டும். பச்சை வயலுக்கும் அதே எச்சரிக்கைதான். சம்பா அறுவடை தை, மாசியோடு முடிந்துவிடும், அதனால் கோடையில் பச்சை நெல் வயல் காட்டியது தவறு என்று சொல்லத் தோன்றும். பம்புசெட் இருப்பவர் கோடை நெல் போடுவதுண்டு. உளுந்து, பருத்தி என்று மற்ற பச்சையும் உண்டு.

இதே கணக்கில் ஒரு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. "சிக்னல் இல்லை" என்று செல்போனைத் தூக்கிப் போடும் காட்சி ஏறக்குறைய எல்லா த்ரில்லரிலும் வரும். கும்பகோணம் கடைத்தெருவில் அது நொண்டிச் சாக்கு. அதே கதையை 2018 நவம்பரில், கஜா புயல் அடித்துக் கரண்டு கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்த வேதாரண்யத்தில் வைத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இடத்தையும் தேதியையும் சரியாகப் பிடித்திருந்தால் அதே சாக்கு பயமாகவே மாறியிருக்கும்.

யாருக்கு எப்போது என்ன தெரியும்

நோட்டில் பக்கத்தை நெட்டுக்குக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கட்டம் கொடுங்கள். அவருக்கு எந்தக் காட்சியில் எந்த விஷயம் தெரிய வந்தது, யார் சொல்லி. போலீஸ்காரர் திடீரென்று குற்றவாளி வீட்டு வாசலில் நின்றால் கட்டத்தைப் பாருங்கள். அந்த முகவரி அவருக்கு எந்தக் காட்சியில் கிடைத்தது? கட்டம் காலியாக இருந்தால் ஓட்டை.

இதில் ஒரு சோதனை எப்போதும் கைகொடுக்கும். உண்மையான குற்றவாளி தனியாக இருக்கும் காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். சுற்றிலும் ஆள் இருக்கும்போது அவன் நடிக்கலாம், அது நியாயம். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்காக நடிக்கிறான்? நம் கதையில் இரண்டாவது கொலைச் செய்தி போனில் வருகிறது. நாயகன் தனியாகத் தரையில் சரிந்து அழுகிறான். செய்ததே ஞாபகம் இல்லை, ஆகவே அழுகிறான் என்று சமாதானம் சொல்லலாம். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பைத் திருடிக் கொலை நடக்கப்போகிற இடத்தில் முன்கூட்டியே போட்டிருக்கிறானே? பழியை இன்னொருவர் தலையில் கட்டத் திட்டம் போடுகிறவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அழுகிறவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்றால், ஞாபகம் எப்போது போகும், எப்போது வரும் என்பதற்குப் படம் ஒரு விதி சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை.

கண் முன்னால் காட்டிய பிளாஷ்பேக்கே பொய் என்று பின்னால் சொல்லும் வித்தையும் உண்டு. ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1950-இல் எடுத்த 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தில் அப்படி ஒரு பொய் பிளாஷ்பேக் வைத்து ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். தான் செய்திருக்கக் கூடாத காரியம் அது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நம் ஊரில் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இதைச் சரியாகக் கையாண்டது. பாட்டே இல்லாத படம். ஒரே கொலையைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நாம் பார்ப்பது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பது தெளிவாக இருப்பதால், பின்னால் அது பொய்யானாலும் படம் நம்மை ஏமாற்றியதாக ஆகாது, அந்த ஆள்தான் ஏமாற்றினார். ஆகவே பொய் பிளாஷ்பேக் வந்தால் அதைச் சொல்வது யார் என்று தேடுங்கள். சொல்லும் ஆளே இல்லாமல் கேமரா தானாகப் போய்ப் பார்த்த காட்சி பொய்யானால், அது மோசடி.

"எல்லாம் அவன் மனசுல நடந்துச்சு"

இந்த வகைப் படங்களின் சர்வரோக நிவாரணி இந்த ஒரு வரி. எந்த ஓட்டையைக் காட்டினாலும் படத்தின் ரசிகர் இந்த வரியை எடுத்து அப்புவார். எனவே இதற்குத் தனியாகத் தயாராகுங்கள். கற்பனை ஆள் வருகிற காட்சிகளை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்றே கேள்வி. அவர் எதையாவது நகர்த்தினாரா? காசு கொடுத்தாரா? மூன்றாவது ஆள் யாராவது அவருக்குப் பதில் சொன்னார்களா?

நம் கதையில் முதல் பாதியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கூடத்துப் பத்தாயத்தை (நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி) சுவரிலிருந்து நகர்த்துகிறார்கள். பழைய பத்தாயம், தேக்கு, ரெண்டு பேராவது வேண்டும். மனைவி காபி டம்ளரோடு நின்று பார்க்கிறாள். "பாத்துத் தூக்குங்க, வெரல் நசுங்கிடப் போவுது" என்று அண்ணன் இருக்கும் பக்கம் பார்த்துச் சொல்கிறாள். அண்ணன் இல்லை என்றால், பத்தாயத்தின் அந்தப் பக்கத்தைத் தூக்கியது யார்? மனைவி யாரிடம் பேசினாள்? அவளும் கற்பனை என்று சொல்லவும் வழியில்லை, கடைசியில் போலீஸைக் கூப்பிடுவதே அவள்தான்.

கற்பனையோ பேயோ, அதற்கு ஒரு வேலி இருக்கவேண்டும். திருவிடைமருதூர் கோயிலில் அந்த வேலிக்கு ஒரு பழைய உதாரணம் நிற்கிறது. வரகுண பாண்டியனின் குதிரை தெரியாமல் ஒரு அந்தணரை மிதித்துக் கொன்றது. அந்தணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி அரசனைப் பிடித்துக்கொண்டது, போகுமிடமெல்லாம் தொடர்ந்தது. அவன் கிழக்கு வாசல் வழியாக மகாலிங்க சுவாமி சன்னிதிக்குள் நுழைந்தான். பிரம்மஹத்தியால் உள்ளே வர முடியவில்லை, வாசலிலேயே காத்து நின்றது. அரசன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிப் போய்விட்டான். இன்றைக்கும் உள்ளே வந்த வாசல் வழியாகத் திரும்பக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிடித்து இழுப்பார்கள். குற்ற உணர்ச்சி ஒருவனைத் துரத்தும் கதை இதைவிடக் கச்சிதமாக எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அது கோயிலுக்குள் வராது, வாசலை விட்டு நகராது, இவ்வளவுதான் விதி. நடுவில் ஒரு நாள் பிரம்மஹத்தி சுவரேறிக் குதித்திருந்தால் கதையே கிடையாது. உங்கள் படத்தின் பேய்க்கு என்ன விதி என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் எழுதியவருக்கும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நோயும் சட்டமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நம் படங்களில், ஒருவனே பல ஆளாக மாறும் பல ஆளுமைக் கோளாறும் மனச்சிதைவு நோயும் (ஸ்கிசோஃப்ரினியா) ஒன்றாகக் கலந்துபோகும். இரண்டும் வேறு வேறு. மனச்சிதைவில் ஆள் இல்லாமல் குரல் கேட்பதுதான் அதிகம், முழு உருவம் வந்து கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பது அரிது. மனநோய் உள்ளவர் என்றாலே கொலைகாரர் என்பதும் தவறு. அவர்கள் வன்முறைக்கு ஆளாவதே அதிகம்.

மயக்க மருந்து கொடுக்காமல் ஷாக் கொடுக்கும் காட்சி வந்தால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சங்கிலியால் கட்டுவதற்கும் அதே சட்டத்தில் தடை உண்டு. கதை அந்தச் சட்டம் அமலுக்கு வந்த 2018-க்கு முன்னால் நடக்கிறதா, அல்லது டாக்டர் சட்டத்தை மீறுகிறார் என்று படமே சொல்கிறதா என்று பார்த்த பிறகே குறை சொல்லுங்கள். மருந்து செலுத்திப் பேசவைக்கும் நார்கோ சோதனையில் உண்மை வெளிவருவதாகக் காட்டினால், சம்பந்தப்பட்டவர் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை க்ளைமாக்ஸ். நாயகன் இன்ஸ்பெக்டரிடம் பத்து நிமிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான், வழக்கு முடிந்தது என்று வயலின் வாசிக்கிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் அப்படித்தான் சொன்னது, 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. வயலின் வாசித்த அந்த இடத்தில்தான் வழக்கே ஆரம்பமாகும்.

ஓட்டை வேறு, சோம்பேறித்தனம் வேறு

இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். அண்ணன் தூக்கிய பத்தாயம் ஓட்டை. இருட்டில் சத்தம் கேட்டதும் மனைவி விளக்கைப் போடாமல், யாரையும் கூப்பிடாமல், கொல்லைப்புறத்துக்குத் தனியாக நடந்து போவது ஓட்டை ஆகாது. நடக்கக் கூடியதுதான். அவள் போவதற்குக் காரணம் அவளிடம் இல்லை, டைரக்டரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். இதை பலவீனமான எழுத்து என்று சொல்லுங்கள். தற்செயலும் அப்படித்தான். தற்செயலாக ஒருவன் சிக்கலில் மாட்டினால் கதை தொடங்குகிறது. தற்செயலாக அவன் தப்பித்தால் எழுதியவர் தூங்கிவிட்டார். குற்றவாளி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தன் பால்யக் கதையைக் கடைசி இருபது நிமிடம் சொல்கிறானா? அந்த இருபது நிமிடமும் முன்னால் காட்டியிருக்கவேண்டிய காட்சிகளுக்கான வட்டிக் கடன்.

காட்டாதது எல்லாம் ஓட்டை என்று நினைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நாயகன் எப்போது சாப்பிட்டான் என்று படம் சொல்லவேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு எப்படி வந்தான் என்பதும் தேவையில்லை, நாற்பது கிலோமீட்டர், பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் வந்ததாகக் காட்டினால் மட்டும் கேளுங்கள்.

இனி படத்துக்கு வக்கீலாக மாறுங்கள்

கண்டுபிடித்ததை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் படத்தின் சார்பில் நீங்களே வாதாடுங்கள். ஒரே ஒரு வசனத்தைச் சேர்த்தால் அடைபடுமா? அடைபட்டால் அது நண்டு வளை. ஒரு கை சேறு போதும், அதை வைத்து ஊரைக் கூட்டவேண்டாம். அடைக்கப் போனால் கதையே வேறாகிவிடுமா? அது கரை உடைப்பு, அதைத்தான் எழுதவேண்டும்.

நம் கதையில் மகாமகக் கணக்கை நாயகன் வயதை மாற்றிச் சரிசெய்துவிடலாம். 2024-இல் அவனுக்கு முப்பத்தேழு என்றால் 1992-இல் ஐந்து வயது, பொருந்திவிடும். ஆக, அவ்வளவு கோபப்பட்ட நானே அதை வளை என்றுதான் ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. சித்திரைத் தண்ணீரை ஆடிக்கு மாற்றினால் போதும். செருப்புக்கும் பத்தாயத்துக்கும் அப்படி ஒரு வழியும் இல்லை. செருப்பைத் திருடியவன் ஞாபகமில்லாதவனாக இருக்க முடியாது. பத்தாயத்தைத் தூக்கியவர் இல்லாதவராக இருக்க முடியாது. ட்விஸ்டே அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

சந்தேகம் இருந்தால் ஓடிடியில் அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். நான் பார்த்த ஒரு படத்துக்கு என் நோட்டில் "மனைவி அண்ணனிடம் பேசுகிறாள்" என்று எழுதி வைத்திருந்த காட்சி ஒன்று, திரும்பப் பார்த்தபோது அவள் தம்பியிடம் பேசியதாக இருந்திருக்கிறது. நினைவு நமக்கு வேண்டியதைத்தான் சேர்த்துக்கொள்ளும்.

எழுதும்போது

பெரிய உடைப்பை முதலில் வையுங்கள், இரண்டு போதும். முடிவைச் சொல்லவேண்டிய கட்டாயம் வந்தால் முதல் வரியிலேயே எச்சரியுங்கள். நடிகர் நன்றாகச் செய்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், மோசமாக எழுதிய காட்சியை ஒருவர் தாங்கிப் பிடிப்பது சின்ன வேலை இல்லை. "குப்பை", "மொக்கை" என்ற வார்த்தைகளை அடித்துவிட்டு அந்த இடத்தில் காட்சியை எழுதுங்கள். நம் மாதிரிப் படத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"முடிவு தெரிந்தால் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் படிக்கவும். அண்ணன் கற்பனை என்று படம் சொல்லும் நொடியில் எனக்குப் பத்தாயம்தான் ஞாபகம் வந்தது. முதல் பாதியில் இருவர் சேர்ந்து அதை நகர்த்தினார்கள், மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் படத்தில் பதில் இல்லை. கொலைகாரனுக்குத் தான் செய்தது ஞாபகமில்லை என்கிறார்கள், ஆனால் முந்தின நாளே பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைத் திருடி வைத்திருக்கிறான். அதற்கும் இல்லை. மனைவியாக நடித்தவர் அந்தப் பழைய வீட்டின் இருட்டை நம்ப வைத்தார். அவர் கொல்லைப்புறத்துக்கு ஏன் தனியாகப் போனார் என்று மட்டும் அவரிடமும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது."